கூடி வழக்காடும் உரிமை எங்கே?

நெல் அறுத்த உழவன் மூட்டைகளைக் கிடங்கிலே போட்டு வைக்கிறான். கிடங்குக்காரர் ரசீது எழுதித் தருகிறார். மூட்டை யாருடையது? உழவனுடையது. கிடங்குக்காரர் நொடித்துப்போய் மஞ்சள் கடுதாசி நீட்டிவிட்டால், அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் ஓடிவந்து உழவனுடைய நெல்லைப் பங்கு போட்டுக்கொள்ள முடியுமா? முடியாது என்று சின்னப் பிள்ளையும் சொல்லும்.

நெல்லுக்குப் பதிலாகக் கிரிப்டோ நாணயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடங்குக்குப் பதிலாக, அந்த நாணயத்தை வாங்கவும் விற்கவும் வைத்திருக்கவும் இடம் தரும் எக்ஸ்சேஞ்ச் நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் கவிழ்ந்த மறுநாளே பேச்சு மாறிவிடுகிறது. "உன் பொருளா? யார் சொன்னது? கடன் கொடுத்தவர்களிலே நீயும் ஒருவன். வரிசையிலே போய் நில்!" என்கிறார்கள். பொருளுக்குச் சொந்தக்காரனாக உள்ளே போனவன், பாக்கி கேட்டுக் கையேந்துபவனாக வெளியே வருகிறான்.

இது எப்படி நடக்கிறது? இதைத் தடுக்க எளியவன் கையிலே என்ன ஆயுதம் இருக்கிறது? மற்ற நாட்டு மக்கள் ஏந்தும் அந்த ஆயுதம் நம் மக்கள் கையிலே உண்டா? இவற்றைத்தான் இன்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

சூதாடி என்பார்களே!

முதலிலே ஒரு பேச்சைத் தீர்த்துவிடுவோம். "கிரிப்டோ என்பதே சூதாட்டம், சூதிலே தோற்றவனுக்கு என்ன உரிமை, என்ன வழக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்த நாணயத்திலே பணம் போடுங்கள் என்று நாம் யாருக்கும் சொல்லவில்லை, சொல்லப் போவதுமில்லை. விலை சரிந்து நட்டப்பட்டவன் அந்த நட்டத்தைத் தானே சுமக்கட்டும். அதிலே நமக்கு மாறுபாடு இல்லை.

ஆனால், விலை சரிந்து இழந்தவன் வேறு. வைத்த இடத்திலே பொருள் பறிபோனவன் வேறு. பந்தயத்திலே தோற்பது ஒன்று. பந்தயம் பார்க்கப் போனவனுடைய சட்டைப்பையைக் கத்தரிப்பது மற்றொன்று. பையைக் கத்தரித்தவனைப் பிடித்துக் கொடுத்தால், "நீ ஏன் பந்தயத்துக்குப் போனாய்?" என்று போலீஸ்காரர் கேட்பாரா? இங்கே பேசப்படுவது இரண்டாவது வகை. அதிலும் பணத்தைப் போட்டவர்கள் எல்லோரும் கோடீசுவரர்கள் அல்லர். மாதச் சம்பளத்திலே மிச்சம் பிடித்த இளைஞர்கள் பலர் அந்தக் கூட்டத்திலே இருக்கிறார்கள்.

டெலவேர் மன்றத்திலே

2022 நவம்பர் 11. எஃப்.டி.எக்ஸ். என்ற பெரிய எக்ஸ்சேஞ்ச், அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்திலுள்ள திவால் நீதிமன்றத்திலே மனுப் போட்டது. பகாமாஸ் தீவிலே தலைமையகம், உலகெங்கும் வாடிக்கையாளர்கள். 2019-இலே தொடங்கி மூன்றே ஆண்டுகளிலே வானளாவ உயர்ந்த நிறுவனம் ஒரே வாரத்திலே சரிந்தது.

அந்த நிறுவனத்தின் ஒப்பந்த விதிகளிலே என்ன எழுதியிருந்தது? வாடிக்கையாளர் வைத்திருக்கும் நாணயத்தின் உரிமை எப்போதும் வாடிக்கையாளருடையதே என்று எழுதியிருந்தது. நடந்ததோ வேறு. வாடிக்கையாளர் பணம், நிறுவனரின் மற்றொரு கம்பெனியான அலமேடாவுக்குக் கொல்லைப்புற வழியாக ஓடியது. துண்டு விழுந்த தொகை சுமார் 800 கோடி டாலர். நிறுவனர் சாம் பேங்க்மன்-ஃபிரீடை 2023 நவம்பர் 2 அன்று நியூயார்க் ஜூரிகள் ஏழு குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்றனர். 2024 மார்ச் 28 அன்று 25 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

குற்றவாளி சிறைக்குப் போனதாலே பறிகொடுத்தவனின் பை நிரம்பிவிடுமா? நிரம்பாது. அதற்குத் தனிப்போர் நடத்த வேண்டியிருந்தது. 2022 டிசம்பர் 27 அன்று, நிறுவனம் கவிழ்ந்து ஏழு வாரம் ஆவதற்குள், வாடிக்கையாளர் நால்வர் டெலவேர் திவால் நீதிமன்றத்திலே ஒரு வழக்குப் போட்டனர். தங்கள் நால்வருக்காக மட்டும் அல்ல. தங்களைப் போன்ற எல்லா வாடிக்கையாளருக்காகவும். "இங்கே இருக்கும் சொத்து வாடிக்கையாளர்களுடையது. முதலிலே அது எங்களுக்குத் திரும்ப வேண்டும், மற்றக் கடன்காரர்கள் எங்களுக்குப் பின்னாலே நிற்கட்டும்" என்பதே அந்த வழக்கின் சாரம். அமெரிக்காவுக்கு வெளியிலுள்ள வாடிக்கையாளர்களும் ஒரு குழுவாகக் கூடி இதே கோரிக்கையோடு வந்தனர்.

2023 அக்டோபரிலே சமரசம் ஏற்பட்டது. பங்கிடத் தக்க சொத்திலே 90 விழுக்காட்டுக்கு மேல் வாடிக்கையாளர் கைக்குப் போகும்படி திட்டம் வகுக்கலாம் என்று திவாலான நிறுவனத்தை நடத்தும் புது நிர்வாகமும், கடன் கொடுத்தோர் குழுவும், வாடிக்கையாளர் குழுவும், கூட்டு வழக்குத் தொடுத்தவர்களும் ஒத்துக்கொண்டனர். 2024 அக்டோபர் 7 அன்று நீதிபதி ஜான் டார்சி அந்தத் திட்டத்தை ஏற்றார். 2025 பிப்ரவரி 18 முதல் பட்டுவாடா தொடங்கியது. 50,000 டாலர் வரை கோரிக்கை உடையவர்களுக்கு, குறித்த மதிப்பின்படி வட்டியும் சேர்த்துச் சுமார் 119 விழுக்காடு கிடைத்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பண்ட முன்பேர வணிகத்தைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு ஆணையத்துக்கும் அந்த நிறுவனம் 400 கோடி டாலர் கட்ட வேண்டியிருந்தது. அந்தப் பாக்கியை வாடிக்கையாளர் கணக்குத் தீர்ந்த பிறகே பெற்றுக்கொள்வதாக ஆணையம் ஒத்துக்கொண்டது. அரசாங்கம் வரிசையிலே பின்னே போய் நின்றது. பறிகொடுத்தவன் முன்னே வந்தான்.

தனியாள் வழக்கும் கூட்டு வழக்கும்

இதிலே நாம் பார்க்க வேண்டியது டாலர் கணக்கை மட்டும் அல்ல. அந்த மக்கள் நின்ற முறையை. ஒருவன் இழந்தது 20,000 ரூபாய் என்று கொள்வோம். அதற்காக வக்கீல் வைத்து, வாய்தா வாய்தாவாக அலைந்து, ஐந்தாண்டு வழக்காடினால் செலவு இழப்பை விஞ்சிவிடும். ஆகவே அவன் வாயை மூடிக்கொள்வான். இப்படி லட்சம் பேர் வாயை மூடிக்கொண்டால், 200 கோடி ரூபாய் கேள்வி முறையில்லாமல் கரைந்துபோகும். ஏமாற்றுபவனுடைய கணக்கு இதுதான்: ஆளுக்குக் கொஞ்சம் எடு; ஒருவனும் கேட்கமாட்டான்!

இந்தக் கணக்கை முறிக்கத்தான் கூட்டு வழக்கு. ஒரே வகையிலே பாதிக்கப்பட்ட எல்லோருக்காகவும் சிலர் வழக்குத் தொடுக்கலாம். அமெரிக்காவிலே கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறை விதிகளிலே 23-ஆம் விதி இதற்கென்றே இருக்கிறது. 1966-இலே அது திருத்தி அமைக்கப்பட்டது. அதன்கீழ் சமரசம் ஏற்பட்டால், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சில உரிமைகள் உண்டு.

முதலாவது, தெரிந்துகொள்ளும் உரிமை. இப்படி ஒரு சமரசம் பேசப்படுகிறது, உனக்கு இவ்வளவு கிடைக்கும், இந்தத் தேதிக்குள் மனுச் செய் என்று அறிவிப்பு வரவேண்டும். இரண்டாவது, விலகும் உரிமை. பண ஈடு கேட்கும் வழக்குகளிலே, "இந்தச் சமரசம் எனக்கு வேண்டாம், நான் தனியாக வழக்காடிக்கொள்கிறேன்" என்று குறித்த நாளுக்குள் எழுதிக்கொடுத்து விலகலாம். மூன்றாவது, எதிர்க்கும் உரிமை. உள்ளே இருந்துகொண்டே, "இது போதாது, இது அநியாயம்" என்று நீதிபதியிடம் எழுதலாம், நேரிலே போய்ச் சொல்லலாம். நான்காவது, நீதிபதியின் காவல். இரு தரப்பு வக்கீல்களும் கைகுலுக்கிவிட்டார்கள் என்பதாலே சமரசம் செல்லாது. அது நியாயமானதா, போதுமானதா என்று நீதிபதி விசாரித்து ஒப்ப வேண்டும். வக்கீல் கட்டணத்துக்கும் அவர்தாம் வரம்பு கட்டுகிறார்.

திவால் மன்றத்துக்குள் போய்விட்டால் இந்த விலகும் உரிமை சுருங்கிப்போகும் என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே அதற்குப் பதிலாக வாக்குரிமை உண்டு. திட்டத்தை எதிர்த்துப் பேசும் உரிமையும் உண்டு. ஆனால் கெடு கண்டிப்பானது. எஃப்.டி.எக்ஸ். வாடிக்கையாளர்கள் 2023 செப்டம்பர் 29-க்குள் கோரிக்கை மனுவைக் கொடுக்க வேண்டும் என்று நாள் குறிக்கப்பட்டது. அறிவிப்பைப் படிக்காமல் குப்பையிலே போட்டவனுக்கு எவ்வளவு பெரிய உரிமை இருந்தும் பயனில்லை.

கூட்டு வழக்கிலே குறையே இல்லையா? உண்டு. வக்கீல் கொழுத்து, வாடிக்கையாளன் அற்பக் காசோடு வீடு திரும்பிய வழக்குகளும் அந்நாட்டிலே உண்டு. அதனாலேதான் நீதிபதியின் காவலும், எதிர்க்கும் உரிமையும் கூடவே வைக்கப்பட்டிருக்கின்றன. குறை இருக்கிறது என்பதற்காக எளியவன் கையிலிருக்கும் ஒரே ஆயுதத்தை எறிந்துவிடச் சொல்வது நியாயம் ஆகாது.

எந்த நாள் விலை?

119 விழுக்காடு என்றதும், "ஆகா, போட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டதே!" என்று தோன்றும். இங்கேதான் ஒரு சூட்சுமம் ஒளிந்திருக்கிறது.

திவால் சட்டப்படி, மனுப் போட்ட அன்றைக்கு இருந்த விலைதான் கணக்கு. அன்றைக்குச் சந்தையே சரிந்து கிடந்தது. ஒரு பிட்காயினுக்கு 16,871 டாலர் என்று மதிப்புக் கட்டினார்கள். பட்டுவாடா தொடங்கிய 2025 பிப்ரவரியிலே அதே பிட்காயின் 90,000 டாலருக்கு மேல் விற்றது. ஒரு பிட்காயின் வைத்திருந்தவனுக்கு வட்டியோடு சுமார் 20,000 டாலர் கொடுத்து, "முழுக்கத் தீர்ந்தது கணக்கு" என்றால், அவன் சிரிப்பானா, அழுவானா? வாடிக்கையாளர் பலர் எதிர்த்துப் பார்த்தனர். மனுப் போட்ட நாளின் விலைதான் என்பதிலே சட்டம் தெளிவாக இருக்கிறது என்று 2024 ஜனவரியிலே நீதிபதி சொல்லிவிட்டார்.

பொருள் வாடிக்கையாளருடையது என்றால், பொருளையே திருப்பித் தரவேண்டும். வெறும் பாக்கிதான் என்றால், அன்றைய விலையைப் பணமாகத் தந்தால் போதும். அந்தக் கூட்டு வழக்கு எழுப்பிய கேள்விக்குச் சமரசம் பாதி விடைதான் தந்தது. வரிசையிலே வாடிக்கையாளனுக்கு முதலிடம் கிடைத்தது. ஆனால் அவனுடைய நாணயம் அவனுக்குத் திரும்பவில்லை.

டோக்கியோ காட்டிய வழி

இது மாற்ற முடியாத விதியா? இல்லை என்பதற்கு ஜப்பானிலே சான்று இருக்கிறது. 2014 பிப்ரவரியிலே டோக்கியோவிலிருந்த மவுண்ட் காக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் கவிழ்ந்தது. சுமார் 8,50,000 பிட்காயின் காணோம் என்றார்கள். பிறகு பழைய கணக்கு ஒன்றிலே 2,00,000 கண்டெடுத்ததாகச் சொன்னார்கள். திவால் சட்டப்படி 2014 ஏப்ரல் மாத விலைதான் கணக்கு. ஒரு பிட்காயினுக்குச் சுமார் 483 டாலர்! 2017 முடிவிலே அதன் விலை 10,000 டாலரையும் தாண்டி ஓடியது. வாடிக்கையாளருக்குப் பழைய விலையைக் கொடுத்து அனுப்பிவிட்டால், மிஞ்சும் செல்வம் யாருக்கு? நிறுவனத்தின் பங்குதாரருக்கு! திருட்டுக் கொடுத்தவனுக்குத் தவிடு, கடையைக் கவிழ விட்டவனுக்கு அரிசி!

பார்த்தார்கள் வாடிக்கையாளர்கள், கூடினார்கள். 2017 நவம்பரிலே அவர்களிலே சிலர் சேர்ந்து, "திவால் நடவடிக்கை வேண்டாம், மறுசீரமைப்பு நடவடிக்கைக்கு மாற்றுங்கள்" என்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்திலே மனுக் கொடுத்தனர். 2018 ஜூன் 22 அன்று நீதிமன்றம் இசைந்தது. 2021-இலே திட்டம் வாக்கெடுப்பிலே நிறைவேறியது. 2024 ஜூலையிலே பட்டுவாடா தொடங்கியது. பணமாக மட்டும் அல்ல, பிட்காயினாகவே. பத்தாண்டுக் காத்திருப்பு மிகக் கொடிதுதான். ஆனால் கூடி நின்றவர்கள் சட்டத்தின் பாதையையே திருப்பினார்கள் என்பது மறக்கக் கூடாத பாடம்.

மும்பைக் கம்பெனி, சிங்கப்பூர் நீதிமன்றம்

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2024 ஜூலை 18 அன்று, மும்பையிலே தொடங்கப்பட்ட வசீர்எக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல், ரூபாய்க் கணக்கிலே 1,900 கோடிக்கு மேல் மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்டன. வடகொரியத் திருடர்களின் வேலை என்று 2025 ஜனவரி 14 அன்று அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா ஆகிய மூன்று அரசுகளும் கூட்டறிக்கை விட்டன. திருட்டு நடந்த அன்றே பணம் எடுக்கும் வாசல் மூடப்பட்டது. 40 லட்சத்துக்கு மேற்பட்ட கணக்குகள் முடங்கின.

யார் பொறுப்பு? நிறுவனம், நாணயக் காவலுக்கு மென்பொருள் கொடுத்த கம்பெனியைக் கைகாட்டியது. அந்தக் கம்பெனி நிறுவனத்தைக் கைகாட்டியது. சரி, நிறுவனத்தின் உரிமையாளர் யார்? அதுவும் தகராறு! பைனான்ஸ் என்ற உலகப் பெரு நிறுவனம் இதை வாங்கிவிட்டதாக 2019 நவம்பரிலே அறிவிப்பு வந்தது. வாங்கும் வேலை முடியவே இல்லை என்று 2022 ஆகஸ்டிலே அதே பைனான்ஸ் மறுத்தது. எசமான் யார் என்று தெரியாத வீட்டிலே களவு போனால், யார் மீது வழக்குப் போடுவது?

வழக்குப் போக வேண்டிய இடமும் இந்தியா அல்லவாம், சிங்கப்பூராம்! சிங்கப்பூரிலே பதிவான ஜெட்டாய் என்ற கம்பெனி, அந்நாட்டு உயர் நீதிமன்றத்திலே தடைக்காலம் பெற்று, கடன் கொடுத்தோரோடு ஒரு ஏற்பாட்டுத் திட்டம் கொண்டுவந்தது. எஞ்சியிருக்கும் சொத்தை எல்லோருக்கும் விகிதப்படி பங்கிடுவது. மீதிப் பாக்கிக்கு 'மீட்பு டோக்கன்' கொடுத்து, பின்னாலே வரும் இலாபத்திலிருந்து தீர்ப்பது. 2025-இலே இரண்டு முறை வாக்கெடுப்பு நடந்தது. முதல் வாக்கெடுப்புக்குப் பின்னர் அதே ஆண்டு ஜூனிலே நீதிமன்றம் இசைய மறுத்தது. திருத்திய திட்டத்துக்கு அக்டோபரிலே இசைந்தது. எக்ஸ்சேஞ்ச் மீண்டும் கடை திறந்தது.

வாக்களித்தவர்களிலே 90 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு என்பது உண்மைதான். ஆனால் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர். வாடிக்கையாளர்களோ 40 லட்சத்துக்கு மேல்! சிங்கப்பூர்ச் சட்டப்படி, வாக்களித்தவர்களிலே எண்ணிக்கையில் பாதிக்கு மேலும், தொகையில் முக்கால் பங்கும் ஆதரித்து, நீதிமன்றமும் ஒப்பினால் போதும். வாக்களிக்காதவனும் எதிர்த்தவனும் கட்டுப்பட வேண்டும். இதிலே விலகும் உரிமை எங்கே? தன் மொழியிலே அறிவிப்புப் பெறும் உரிமை எங்கே? பட்டினி கிடப்பவனிடம், "கஞ்சியாவது இப்போது வேண்டுமா, சோற்றுக்காக இன்னும் பல ஆண்டு காத்திருக்கிறாயா?" என்று கேட்டால், கஞ்சி என்றுதான் சொல்வான். அதற்காகச் சோற்றின் மீது அவனுக்கு உரிமை இல்லை என்று ஆகிவிடுமா?

சென்னையிலே பிறந்த தீர்ப்பு

இந்த இருட்டிலே ஒரு விளக்கு நம் சென்னையிலே ஏற்றப்பட்டது. வசீர்எக்ஸ் வாடிக்கையாளரான ஒரு பெண்மணி, 2024 ஜனவரியிலே 1,98,516 ரூபாய் செலுத்தி 3,532.30 எக்ஸ்.ஆர்.பி. நாணயங்களை வாங்கியிருந்தார். திருட்டுப் போனது வேறு வகை நாணயம், இவருடையது அல்ல. ஆனாலும் இவர் கணக்கும் முடக்கப்பட்டது. திருட்டு நட்டத்திலே இவரும் பங்கேற்க வேண்டும் என்றனர். அண்டை வீட்டிலே களவு போனதற்கு இந்த வீட்டுப் பெட்டியைத் திறந்து பங்கு போடுவதா? அவர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார்.

2025 அக்டோபரிலே நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். கிரிப்டோ நாணயம் என்பது சொத்து. உரிமை கொண்டாடத் தக்கது, அனுபவிக்கத் தக்கது, ஒருவர் மற்றொருவருக்காகப் பொறுப்பிலே வைத்துக் காக்கத் தக்கது என்றார். கிரிப்டோபியா என்ற கவிழ்ந்த எக்ஸ்சேஞ்ச் பற்றி நியூசிலாந்து நீதிமன்றம் 2020-இலே அளித்த தீர்ப்பும் அதிலே எடுத்தாளப்பட்டது. சிங்கப்பூர் நடவடிக்கையைக் காட்டிச் சென்னைக் கதவை அடைக்கப் பார்த்த வாதம் எடுபடவில்லை. பஞ்சாயம் முடியும்வரை அவருக்குரிய சுமார் 9.56 லட்சம் ரூபாய்க்குப் பாதுகாப்பு வைக்கும்படி உத்தரவு பிறந்தது.

மகிழத் தக்க தீர்ப்பு, மறுக்கவில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள்: 40 லட்சம் பேரிலே ஒருவர், தம் செலவிலே, தம் வக்கீலோடு போராடித் தமக்குப் பெற்ற இடைக்காலப் பாதுகாப்பு அது. அவரைப் போலவே எக்ஸ்.ஆர்.பி. வைத்திருந்த மற்றவர்களுக்கு அது தானாகப் போய்ச் சேருமா? சேராது. ஒவ்வொருவரும் தனித்தனியே படியேற வேண்டும். கூட்டு வழக்கு உரிமை இருந்திருந்தால், அந்த ஒரு குரல் லட்சம் பேர் குரலாகியிருக்கும்.

சட்டத்திலே விதை இருக்கிறது, விளைச்சல் இல்லை

நம் சட்டப் புத்தகத்திலே கூட்டு வழக்கே இல்லையா? இருக்கிறது, ஆனால் தாழ்வாரத்திலே ஒதுங்கிக் கிடக்கிறது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 245-ஆம் பிரிவு, கூட்டு வழக்கை அனுமதிக்கிறது, யாருக்கு? கம்பெனியின் பங்குதாரர்களுக்கும் வைப்புத்தொகை போட்டவர்களுக்கும். எக்ஸ்சேஞ்சிலே நாணயம் வைத்தவன் பங்குதாரனும் அல்லன். வைப்புத்தொகை போட்டவன் என்று சொல்லி வாசலைத் தாண்டுவதும் எளிதல்ல. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, ஒரே நலன் உடைய பலருக்காகச் சிலர் ஆணையத்தின் அனுமதியோடு புகார் தரலாம் என்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலே பிரதிநிதி வழக்குக்கு இடம் உண்டு. அப்படிப்பட்ட வழக்கிலே நீதிமன்ற அனுமதி இல்லாமல் சமரசம் செய்யக் கூடாது என்ற நல்ல விதியும் உண்டு. விதை இருக்கிறது. நீர் பாய்ச்சுவார்தான் இல்லை.

பாதிக்கப்பட்டோர் சிலர் உச்ச நீதிமன்றத்துக்கும் போனார்கள். கிரிப்டோவை ஒழுங்குபடுத்துவது அரசின் கொள்கை சார்ந்தது. உரிய அதிகாரிகளை அணுகுங்கள் என்று 2025 ஏப்ரலிலே சொல்லி அனுப்பப்பட்டனர். பந்து டில்லியின் காலடியிலே விழுந்தது. டில்லி என்ன செய்தது?

வரி வாங்கும் கை நீண்டது

2022 பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ இலாபத்துக்கு 30 விழுக்காடு வரி! அதே ஆண்டு ஜூலை 1 முதல் ஒவ்வொரு கைமாற்றத்திலும் 1 விழுக்காடு பிடித்தம்! ஒரு நாணயத்திலே வந்த நட்டத்தை மற்றொரு நாணயத்தின் இலாபத்திலே கழித்துக்கொள்ளவும் கூடாது! 2023 மார்ச் 7 அன்று இந்த நிறுவனங்களைக் கறுப்புப் பணத் தடுப்புச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தார்கள். வரி வாங்க வேண்டுமா, சட்டம் வந்தது. கணக்குக் கேட்க வேண்டுமா, சட்டம் வந்தது. 2024-இலே வாடிக்கையாளரின் பெட்டி களவு போனபோது அவரைக் காக்கச் சட்டம் வந்ததா? வரவில்லை!

இலாபத்திலே 30 விழுக்காடு பங்காளியாக வரும் அரசு, நட்டத்தின்போது "யாரோ எவரோ" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளலாமா? சுங்கச்சாவடி வைத்துக் காசு வாங்குபவர், அந்தச் சாலையிலே வழிப்பறி நடந்தால் எனக்கென்ன என்று சொல்லலாமா?

செய்ய முடியாத காரியமா? தமிழ்நாடு செய்து காட்டியிருக்கிறது. நிதி நிறுவனங்கள் புற்றீசல் போலக் கிளம்பி, முதியோரின் ஓய்வூதியப் பணத்தையும் பெண்களின் சிறு சேமிப்பையும் விழுங்கிவிட்டு ஓடிய காலத்திலே, கலைஞர் முதலமைச்சராக இருந்த 1997-ஆம் ஆண்டிலே, முதலீட்டாளர் நலன் காக்கும் சட்டம் தமிழ்நாட்டிலே நிறைவேறியது. ஓடிப்போன நிறுவனத்தின் சொத்தை முடக்கலாம். அதற்கென அமைத்த தனி நீதிமன்றம் அதை விற்றுப் பணம் போட்டவர்களுக்கு நியாயமாகப் பங்கிடலாம் என்றது அந்தச் சட்டம். மாநிலத்துக்கு இந்த அதிகாரம் ஏது என்று வழக்குப் போட்டார்கள். 2011-இலே உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. ஒரு மாநிலம் தனக்குள்ள சிறு அதிகாரத்தைக் கொண்டே இவ்வளவு செய்ய முடிந்தது என்றால், எல்லா அதிகாரத்தையும் குவித்து வைத்திருக்கும் டில்லிக்கு என்ன தடை?

நாம் கேட்பது

நாம் கேட்பது சலுகை அல்ல. எக்ஸ்சேஞ்சிலே வைத்த நாணயம் வாடிக்கையாளரின் சொத்து. நிறுவனத்தின் சொத்தோடு கலக்கக் கூடாது. கவிழ்ந்தால் மற்றக் கடன்காரர் தொடக் கூடாது என்று சட்டம் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டோர் கூடி வழக்காடும் உரிமையும், சமரசம் வந்தால் தாய்மொழியிலே அறிவிப்புப் பெறும் உரிமையும், எதிர்க்கும் உரிமையும், விலகும் உரிமையும், நீதிபதியின் காவலும் எழுத்திலே வரவேண்டும். பொருளைப் பொருளாகத் திருப்புவதே முறை. பணமாகத்தான் தர முடியும் என்றால், சந்தை சரிந்து கிடந்த நாளின் விலையை வாடிக்கையாளன் தலையிலே கட்டக் கூடாது. இந்தியரிடம் வணிகம் செய்யும் நிறுவனம் இந்திய நீதிமன்றத்திலே பதில் சொல்ல வேண்டும். தூத்துக்குடி இளைஞன் தன் காசைக் கேட்கச் சிங்கப்பூருக்குக் கப்பலேற வேண்டும் என்பது என்ன நீதி?

பாதிக்கப்பட்டோருக்கும் ஒன்று சொல்வோம். வரும் அறிவிப்பைப் படியுங்கள். கெடு நாளைக் குறித்து வையுங்கள். வாங்கியதற்கும் வைத்ததற்கும் உள்ள ஆதாரங்களைப் பத்திரப்படுத்துங்கள். வாக்குச் சீட்டு வந்தால் வீணாக்காதீர்கள். "நான் மீட்டுத் தருகிறேன், முன்பணம் கட்டு" என்று வருபவனை வாசலோடு அனுப்புங்கள். அவன் இரண்டாவது திருடன். எல்லாவற்றுக்கும் மேலாக, தனித்தனியே புலம்பாமல் ஒன்றுகூடுங்கள். நுகர்வோர் ஆணையத்தின் கதவைச் சேர்ந்து தட்டுங்கள்.

தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் இந்தக் கோரிக்கையை டில்லியிலே எழுப்ப வேண்டும். மற்ற மாநிலத் தோழர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் பறிகொடுத்தவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். வரி வாங்கச் சட்டம் செய்ய டில்லிக்கு ஒரே ஒரு நிதிநிலை அறிக்கை போதுமாக இருந்தது. பறிகொடுத்தவனைக் காக்கும் சட்டத்துக்கு எத்தனை நிதிநிலை அறிக்கைகள் வேண்டும் என்பதற்கு ஆட்சியாளர்கள் பதில் சொல்லட்டும்!